சபுர் என்றால் சும்மா நிற்பதா?





இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு சகோதரியின் கடிதம் கிடைத்தது. அவருடைய பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். திருமணத்தின்போது தாய் வீட்டார் போட்ட நகைகளை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கணவர் அடகு வைத்துவிட்டாராம். ஒரு வருடம் கடந்துவிட்டது. எப்போதாவது அதைப் பற்றிக் கேட்டால் வீடே அதிரும்படி சத்தம் போடுகிறாராம். மாமியிடம் சொன்னபோது, "சபுர் செய் மகள்" என்றாராம். சொந்த உம்மாவிடம் சொன்னபோதும் அதே பதில்தான். கடைசியில் இந்தப் பகுதியில் முன்பு நான் பொறுமையைப் பற்றி எழுதியதை வாசித்திருக்கிறார். "மௌலவி, நீங்களும் சபுர் செய்யத்தான் சொல்கிறீர்கள். சபுர் என்றால் வருகிற அடியையெல்லாம் வாங்கிக்கொண்டு சும்மா நிற்பதா?" என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருந்தார்.

பழைய இதழை எடுத்து நான் எழுதியதைத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். பொறுமையின் சிறப்பைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. பொறுமையாக இருப்பது எப்படி என்று ஒரு வரிகூட இருக்கவில்லை. அந்தக் குறை என்னுடையது. அந்தச் சகோதரிக்கு என்ன எழுதுவது என்று பல நாட்கள் யோசித்துக்கொண்டிருந்தேன். விளக்கம் நான் கொஞ்சமும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது.

நான் ஓதிக்கொடுக்கும் மத்ரஸாவில் பழைய மேசைப்பந்து மேசை ஒன்று உண்டு. அஸருக்குப் பின் மாணவர்கள் அதில் விளையாடுவார்கள். ஒரு நாள் ஒரு மாணவன் பந்தை அடிக்காமல் பின்னுக்கு பின்னுக்குப் போய், பந்தைத் திருப்பித் தட்டிக்கொண்டே இருந்தான். "ஏன் பயந்து ஓடுகிறாய்?" என்று கேட்டேன். "பயந்து ஓடல்ல ஹஸரத். இதுவும் ஒரு ஆட்டம்தான்" என்றவன், வெளியூர் போட்டி ஒன்றின் பதிவைக் கையடக்கத் தொலைபேசியில் காட்டினான். தென் கொரியாவைச் சேர்ந்த ஜூ செ-ஹ்யூக் என்பவரின் ஆட்டம் அது.

மௌலவிக்கு விளையாட்டில் என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கலாம். எங்கள் நாயகம் (ஸல்) அவர்கள் தமது துணைவியார் ஆயிஷா (ரழி) அவர்களுடன் ஓட்டப் போட்டி வைத்தவர்கள். ஒரு முறை அந்த அம்மையார் வென்றார்கள். பின்னொரு முறை நாயகம் (ஸல்) வென்றார்கள். ஆகவே இந்த விஷயத்தைப் பேசுவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

மேசைப்பந்து மேசையின் நீளம் 2.74 மீற்றர். நடுவில் உள்ள வலையின் உயரம் ஒரு சாணும் இல்லை, 15.25 சென்ரிமீற்றர்தான். பந்தின் எடை 2.7 கிராம். இந்தச் சிறிய இடத்தில் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: மேசைக்குக் கிட்ட நின்று, எதிரி அடிப்பதற்கு முன் நாம் அடித்துவிட வேண்டும். வேகத்துக்கு வேகம், அடிக்கு அடி. இன்று உலகில் முன்னணியில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் இப்படித்தான் ஆடுகிறார்கள்.

ஜூ செ-ஹ்யூக் அப்படி ஆடவில்லை. எதிரி ஓங்கி அடிக்கும்போது அவர் மேசையை விட்டு இரண்டு மூன்று மீற்றர் பின்னால் போய்விடுவார். பந்து வந்து, வேகம் தணிந்து, கீழே இறங்கும் நேரத்தில் அதன் அடிப்பக்கத்தை வெட்டுவதுபோல் மட்டையை இறக்கித் திருப்பி அனுப்புவார். மறுபடியும் அடி வரும், மறுபடியும் திருப்புவார். இடமும் வலமுமாக, முன்னும் பின்னுமாக ஓடி ஓடித் திருப்புவார். முதலில் பார்ப்பவருக்கு ஐயோ பாவம் என்றிருக்கும். சற்று நேரம் போனால்தான் களைத்துப் போகிறவர் யார் என்பது விளங்கும்.

இதில் உள்ள சூட்சுமம் என்னவென்று அந்த மாணவனே விளக்கினான். மட்டையின் இரு பக்கத்திலும் இறப்பர் ஒட்டப்பட்டிருக்கும். ஒரு பக்கம் கறுப்பு. மறுபக்கம் சிவப்பு போன்ற வேறு நிறம். ஜூ அவர்களின் மட்டையில் ஒரு பக்கத்து இறப்பர் வழுவழுப்பானது. அது பந்தைப் பற்றிப் பிடிக்கும். மறுபக்கத்தில் நீண்டு மெலிந்த சிறு முளைகள் நிறைந்திருக்கும். எதிரி ஓங்கி அடிக்கும் பந்து முன்னோக்கிச் சுழன்றுகொண்டு வருகிறது. முளைகள் அதைப் பற்றிப் பிடிக்காமல் வளைந்து கொடுக்கின்றன. பந்து அதே சுழற்சியோடு திரும்பிப் போகிறது. ஆனால் போகும் திசை மாறிவிட்டதால், எதிரியிடம் போய்ச் சேரும்போது அது பின்னோக்கிச் சுழலும் பந்தாகிவிடுகிறது. அவன் கவனமாகத் தூக்கி அடிக்காவிட்டால் வலையில் போய் விழும். எவ்வளவு பலமாக அவன் சுழற்றி அடித்தானோ அவ்வளவு சிரமம் அவனுக்கே திரும்பி வருகிறது.

அது மட்டுமல்ல. ஒரே மாதிரி கையை வீசி, ஒரு முறை அதிகம் சுழலும் பந்தையும் மறுமுறை சுழலாத பந்தையும் அனுப்புவார். இரண்டையும் பிரித்தறிய முடியாமல் எதிரி தடுமாறுவான். தடுமாறி ஒரு பந்தை வலுவில்லாமல் அனுப்பிவிட்டால், அதுவரை பின்னால் நின்ற மனிதர் பாய்ந்து முன்னுக்கு வந்து ஓங்கி அடித்துவிடுவார். ஜூ அவர்களைப் பழைய காலத்துத் தற்காப்பு ஆட்டக்காரர்களிலிருந்து வேறுபடுத்திக் காட்டியது இந்த அடிதான். அவர் தடுக்க மட்டும் தெரிந்தவரல்லர். எப்போது தடுப்பது, எப்போது அடிப்பது என்று தெரிந்தவர்.

தடுப்பதை மட்டுமே செய்தால் என்ன நடக்கும் என்பதற்கும் மேசைப்பந்து வரலாற்றில் ஒரு கதை உண்டு. 1936 இல் பிராக் நகரில் நடந்த உலகப் போட்டியில் போலந்தின் எர்லிக்கும் ருமேனியாவின் பனெத்தும் மோதினார்கள். இருவரும் அடிக்கவே இல்லை, தட்டிக்கொண்டே இருந்தார்கள். முதல் ஒரு புள்ளி எடுக்க இரண்டு மணிநேரத்துக்கும் மேலானது. பார்வையாளருக்கும் நடுவருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆட்டத்துக்குக் கால எல்லை வேண்டும் என்பது அதன் பின் உறுதியாயிற்று. இன்றைய விதிப்படி ஒரு செற் பத்து நிமிடத்தில் முடியாமல் இழுபட்டால் வேறு முறை நடைமுறைக்கு வரும். அதன்பின் பந்தைத் தொடங்கி வைப்பவர் விரைவில் புள்ளியை முடிக்க வேண்டும். எதிரி 13 முறை திருப்பிவிட்டால் புள்ளி எதிரிக்கு. முடிவில்லாமல் இழுத்துக்கொண்டிருப்பதை விளையாட்டுக்காரர்களே ஏற்றுக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஜூ செ-ஹ்யூக் 1980 ஜனவரியில் பிறந்தவர். அவர் வளர்ந்து வந்த காலத்தில் விதிகள் ஒவ்வொன்றாக மாறின. 2000 இல் பந்தின் விட்டம் 38 மில்லிமீற்றரிலிருந்து 40 ஆகப் பெருத்தது. பந்தின் சுழற்சி குறைந்தது. சுழற்சிதான் இவருடைய ஆயுதம். 2001 இல் 21 புள்ளிகளுக்கு ஆடிய செற் 11 புள்ளிகளாகச் சுருங்கியது. மெல்ல மெல்ல எதிரியைக் களைக்க வைப்பவருக்கு அதுவும் நட்டம்தான். தற்காப்பு ஆட்டத்தின் காலம் போய்விட்டது என்று பலரும் எண்ணிய நேரம் அது.

அந்த நேரத்தில்தான், 2003 மே மாதம், பாரிஸ் நகரில் உலக சம்பியன்ஷிப் நடந்தது. ஜூ அவர்களுக்கு அப்போது 23 வயது. கிண்ணத்துக்கு உரியவர் என்று அவரை எவரும் எண்ணவில்லை. வழியில் சீனாவின் மா லின் தோற்றார். அரையிறுதியில் கிரேக்க வீரர் கிரெயாங்கா தோற்றார். அவர் உலகில் மிகப் பலமாக அடிப்பவர்களில் ஒருவர். இறுதிப் போட்டியில் ஒஸ்திரியாவின் வெர்னர் ஷ்லாகரைச் சந்தித்தார் ஜூ.

இறுதியில் தோற்றார். நான்குக்கு இரண்டு செற் என்ற கணக்கில் ஷ்லாகர் உலக சம்பியன் ஆனார்.

சகோதரிகளே, கதை சொல்பவனுக்கு இந்த இடத்தில் பொய் சொல்ல ஆசை வரும். பொறுமையாக ஆடியவர் வென்றார், கிண்ணத்தைத் தூக்கினார் என்று முடித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! நடந்தது அதுவல்ல. பொறுமைக்கு இந்த உலகத்தில் எப்போதும் கிண்ணம் கிடைக்கும் என்று நான் உங்களுக்குச் சொன்னால் அது உண்மையாகாது. ஆனால் இதையும் சேர்த்துக் கேளுங்கள். அன்று முதல் இன்று வரை அவரைப் போல் தற்காப்பு முறையில் ஆடிய எவரும் ஆண்கள் உலக ஒற்றையர் இறுதிப் போட்டிக்கு வந்ததில்லை. தோற்றவரின் பெயரைத் தாங்கிய மட்டைகள் கடைகளில் விற்பனைக்கு வந்தன. தற்காப்பு ஆட்டம் பழக விரும்பும் பிள்ளைகள் பல நாடுகளில் அவருடைய ஆட்டத்தைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள்.

அவர் அதோடு ஓய்ந்துவிடவும் இல்லை. 2012 இல் லண்டன் ஒலிம்பிக்கில், 32 வயதில், ஓ சாங்-யுன், ரியூ சியுங்-மின் ஆகியோருடன் கொரிய அணிக்காக ஆடி வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

பெண்களிலும் இத்தகைய ஒருவர் உண்டு. அதே நாட்டின் கிம் கியுங்-ஆ. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஒற்றையர் ஆட்டத்தில் வெண்கலம் பெற்றார். 2008 பீஜிங்கில் கொரியப் பெண்கள் அணி வெண்கலம் வென்றபோது மூவரில் இருவர் தற்காப்பு ஆட்டக்காரர்கள். கிம் அவர்களில் ஒருவர். 35 வயதிலும் லண்டன் ஒலிம்பிக்கில் ஆடினார்.

ஜூ அவர்களின் வாழ்க்கையில் இன்னொரு சோதனையும் வந்தது. முப்பது வயதைக் கடந்த பின் அவருக்கு பெஹ்செட் என்னும் நோய் இருப்பது தெரிந்தது. உடம்பின் இரத்தக் குழாய்களில் அழற்சி உண்டாகும் அரிய நோய் இது. வாயில் புண் வரும், கண்ணைப் பாதிக்கும், மூட்டுகள் வலிக்கும், வரும், தணியும், மறுபடியும் வரும். 1937 இல் இதைத் தனியொரு நோயாக விவரித்தவர் துருக்கியின் இஸ்தான்பூல் நகரத்துத் தோல் வைத்தியர் ஹுலூசி பெஹ்செட். அவர் பெயரே நோய்க்கு நிலைத்தது. துருக்கி முதல் கொரியா, ஜப்பான் வரை பழைய பட்டுப் பாதை நெடுகிலும் உள்ள நாடுகளில் இது அதிகம் காணப்படுகிறது.

ஓடி ஓடித் திருப்புவதே ஆட்டமாகக் கொண்ட மனிதருக்கு இப்படியொரு நோய். 2014 இல் பந்தும் பிளாஸ்ரிக்காக மாறியது. சுழற்சி இன்னும் குறைந்தது. அவர் மருந்து எடுத்தார், முடிந்தபோது ஆடினார். 2016 இல், 36 வயதில், ரியோ ஒலிம்பிக்கில் தம்மைவிட மிக இளையவர்களான இரு வீரர்களுடன் அணியில் நின்றார். வெண்கலத்துக்கான போட்டியில் ஜேர்மனியிடம் தோற்று நான்காம் இடம்தான் கிடைத்தது. பின்னர் கொரிய ஆண்கள் அணியின் பயிற்றுவிப்பாளரானார். 2024 இல் பூசான் நகரில் நடந்த உலக அணிப் போட்டியின் அரையிறுதியில் அவருடைய பிள்ளைகள் சீனாவை மூன்றுக்கு இரண்டு என்ற எல்லை வரை கொண்டுவந்து திணறவைத்துத்தான் தோற்றார்கள். அதே ஆண்டு ஒலிம்பிக்குக்கு அணியை அழைத்துக்கொண்டு அவர் போன நகரம் எது தெரியுமா? 21 வருடங்களுக்கு முன் இறுதியில் தோற்ற அதே பாரிஸ்.

இவரைத் தீனுக்கு உதாரணமாக நான் காட்டவில்லை. அதற்கு எங்களுக்கு நபிமார்களும் ஸஹாபாக்களும் இருக்கிறார்கள். ஆனால் நல்லதை எங்கே கண்டாலும் எடுத்துக்கொள்வது எங்கள் முன்னோரின் வழக்கம். அந்தப் பதிவைப் பார்த்து முடித்தபோது, நான் கிதாபுகளில் ஓதியும் சரியாக உணராத ஒன்று எனக்குப் புரிந்தது. பின்வாங்குவது வேறு, பணிந்து போவது வேறு. அவர் பின்வாங்கியது பந்தைப் பார்த்து யோசிக்க நேரம் எடுப்பதற்காக. ஒரு பந்தையாவது "போகட்டும்" என்று விட்டுவிட்டு அவர் சும்மா நிற்கவில்லை.

சபுர் என்ற அரபுச் சொல்லுக்குத் தடுத்து வைத்தல், கட்டுப்படுத்தல் என்று பொருள். எதைத் தடுத்து வைப்பது? நாவைக் கெட்ட பேச்சிலிருந்து, கையை அத்துமீறலிலிருந்து, உள்ளத்தை நிராசையிலிருந்து. உரிமையைக் கேட்பதிலிருந்து வாயைத் தடுத்து வைப்பதற்குச் சபுர் என்று பெயர் இல்லை.

பாலைவனத்தில் பச்சிளம் பாலகனோடு தனித்து விடப்பட்ட அன்னை ஹாஜர் (அலை) அவர்களைவிடப் பொறுமையான பெண் யார்? அவர்கள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு விதியே என்று உட்கார்ந்திருக்கவில்லை. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை ஓடினார்கள். அந்த ஓட்டத்தை இன்று ஹஜ்ஜுக்குப் போகும் ஆண்களும் செய்தாக வேண்டும்.

அடுத்தது, கவ்லா பின்த் ஸஃலபா (ரழி) என்ற ஸஹாபிப் பெண்மணி. கணவர் தமக்கு இழைத்த அநீதியை நாயகம் (ஸல்) அவர்களிடமே வந்து முறையிட்டார்கள். திரும்பத் திரும்ப எடுத்துரைத்தார்கள். "உனக்குச் சபுர் இல்லை" என்று எவரும் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. அவர்களுடைய முறைப்பாட்டை அல்லாஹ் செவியேற்றான். அல் முஜாதிலா என்ற அத்தியாயமே அந்தச் சம்பவத்தையொட்டி இறங்கியது. வாதிட்ட பெண் என்பதுதான் அந்தப் பெயரின் கருத்து.

இப்போது அந்தக் கடிதத்துக்கு வருகிறேன்.

சகோதரியே, உங்கள் தாய் வீட்டார் உங்களுக்குத் தந்த நகை உங்கள் சொத்து. மஹரும் அப்படியே. உங்கள் மனப்பொருத்தம் இல்லாமல் அதைத் தொட உங்கள் கணவருக்கு மார்க்கத்தில் உரிமை இல்லை. அதைத் திருப்பிக் கேட்பது பாவமும் இல்லை, சபுருக்கு எதிரானதும் இல்லை.

ஆனால் அவர் சத்தம் போடும் நேரத்தில் நீங்களும் சத்தம் போட்டால் ஆட்டம் அவருடைய கையில் போய்விடும். அந்த நேரத்தில் ஓரடி பின்னால் நில்லுங்கள். என்னென்ன நகை, எத்தனை பவுன், எந்தத் திகதியில் போனது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடகுத் துண்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அவர் சாப்பிட்டு ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து, பழைய கதைகளை இழுக்காமல், ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கேளுங்கள்: "எப்போது மீட்டுத் தருவீர்கள்?" அவருக்கு உண்மையிலேயே கஷ்டம் இருந்தால் தவணை கொடுங்கள், அது உங்கள் பெருந்தன்மை. தவணை தவறினால் இரு குடும்பத்திலும் மதிப்புள்ள ஒவ்வொருவரை அழைத்துப் பேசுங்கள். கணவன் மனைவி பிணக்கில் இரு தரப்பிலிருந்தும் நடுவர்களை அமர்த்தும் வழியை அல்குர்ஆன் காட்டித் தந்திருக்கிறது. அதுவும் சரிவராவிட்டால் காதியார் இருக்கிறார். அங்கே போவது குடும்ப மானத்தை விற்பதாகாது.

இன்னொன்றையும் எல்லாச் சகோதரிகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஒருவர் கையை நீட்டும் வீட்டில் தவணையும் இல்லை, காத்திருப்பும் இல்லை. முதலில் உங்களையும் பிள்ளைகளையும் பத்திரமான இடத்தில் சேர்த்துவிட்டுப் பிறகு பேச்சுவார்த்தையைப் பாருங்கள்.

மாமிமார்களுக்கும் உம்மாமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களிடம் ஒரு பெண் அழுதுகொண்டு வந்தால், "சபுர் செய் மகள்" என்று சொல்வது நல்ல வார்த்தைதான். அதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். "அடுத்தது என்ன செய்யலாம் மகள்?" என்றும் கேளுங்கள். நானும் இனி அப்படித்தான் கேட்பேன். இத்தனை நாளும் கேட்காமல் இருந்துவிட்டேன்.

அல்லாஹ் எங்கள் அனைவருக்கும் அழகிய பொறுமையையும், அதைப் பயன்படுத்தும் அறிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.